வெள்ளைச் சட்டை போதாது

நம்மூரில் ஓட வேண்டுமென்றால் இருட்டில்தான் ஓடியாக வேண்டும். காலை ஏழு மணிக்கே வெயில் உறைக்க ஆரம்பித்துவிடும். பொழுது சாய்ந்த பிறகும் தார்ச்சாலை அனல் கக்கும், அது தணிகிற நேரத்தில் சாலை முழுக்க வண்டிகள். மிச்சம் இருப்பது விடியலுக்கு முந்தைய ஒன்றரை மணி நேரம்தான். சென்னையில் ஜூன் தொடக்கத்தில் சூரியன் 5:40 வாக்கில் உதிக்கிறது, ஜனவரியில் ஆறரை ஆகிவிடுகிறது. ஆனால் வேலைக்குப் போகிறவருக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவருக்கும் வருடம் முழுக்க அதே நாலரை மணிதான். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தான் கிளம்புவதே இருட்டில். அதற்கான பயிற்சியில் பாதிக்கு மேல் மழைக்காலத்தில் விழுகிறது. இவர்களைவிடப் பெரிய கூட்டம் இன்னொன்று உண்டு: போலீஸ் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் தயாராகிற ஊர்ப்புறத்துப் பிள்ளைகள். காவலர் தேர்வுக்குப் போகிற பையன் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். ஊரில் மைதானம் இருக்காது, இருந்தால் பூட்டிக் கிடக்கும். அதனால் நெடுஞ்சாலையின் ஓரத்து வெள்ளைக்கோடுதான் அவனுக்கு டிராக். இந்த இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். சொல்ல வருவது ஒன்றுதான்: சாலையில் நாம் எவ்வளவு தூரத்திலிருந்து தெரிகிறோம் என்பது ஓடுகிற நமக்குத் தெரியவே தெரியாது. நம் உள்ளுணர்வு இந்த ஒரு விஷயத்தில் தவறாகவே சொல்லும். அதை நம்பித்தான் வெளிர் நிறச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, போதும் என்று கிளம்பிவிடுகிறோம்.

உள்ளுணர்வு ஏன் தவறுகிறது? எதிரே வரும் வண்டியின் விளக்கு ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே நம் கண்ணில் படுகிறது. கிட்ட வர வர நம் சட்டை, கை, காலடி மண் எல்லாம் வெளிச்சமாகிவிடுகிறது. நமக்கு இவ்வளவு பளிச்சென்று இருக்கும்போது அந்த ஓட்டுநருக்கு நாம் தெரியாமலா போவோம் என்று மனசு கணக்குப் போடுகிறது. கணக்கின் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. விளக்கிலிருந்து நம் கண்ணுக்கு ஒளி நேராக வருகிறது. ஓட்டுநரின் கண்ணுக்கோ அந்த ஒளி நம் மேல் பட்டு, நாலா பக்கமும் சிதறி, மிஞ்சிய துளிதான் திரும்பிப் போகிறது. கறுப்பு டி-ஷர்ட் என்றால் அந்தத் துளியும் இல்லை. இது வெறும் ஊகமும் இல்லை. இரவில் சாலையோரம் நிற்பவர்களிடம், ஓட்டுநருக்கு நீங்கள் எப்போது தெரிந்திருப்பீர்கள் என்று கேட்டு, உண்மையில் எப்போது தெரிந்தார்கள் என்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுகள் 1970 முதலே நடந்து வருகின்றன. நடந்து போகிறவர்கள் தங்களைப் பற்றி மிகையாகவே மதிப்பிடுகிறார்கள் என்பதுதான் திரும்பத் திரும்பக் கிடைக்கும் முடிவு. அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் டிரெலும் ஆஸ்திரேலியாவின் ஜோவான் வுட்டும் செய்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. எந்த உடை உண்மையில் உதவும் என்பதைக்கூட மக்கள் சரியாக ஊகிப்பதில்லை. அதிகம் உதவுகிற ஒன்றைத்தான் அவர்கள் குறைத்து மதிப்பிட்டார்கள். அது என்ன என்பதைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

ஓட்டுநர் பக்கமும் இதே மாதிரி ஒரு ஏமாற்று வேலை நடக்கிறது. ஹெர்ஷல் லீபோவிட்ஸ், ஆல்ஃப்ரட் ஓவன்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1977-ல் 'சயின்ஸ்' இதழில் இதை விளக்கினார்கள். நம் பார்வைக்கு இரண்டு வேலை. வழியை விட்டு விலகாமல் போவது ஒன்று, எதிரே இருப்பது இன்னதென்று அடையாளம் காண்பது இன்னொன்று. வெளிச்சம் குறையும்போது இரண்டாவது வேலை படுத்துவிடுகிறது, முதலாவது கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. அதனால் இரவில் ஸ்டீயரிங் பிடிப்பவருக்கு வண்டி வழக்கம்போல் சாலையோடு வளைந்து போகிறது, எல்லாம் தெரிகிற மாதிரியே இருக்கிறது, வேகத்தைக் குறைக்கத் தோன்றுவதில்லை. வயது ஏற ஏற நிலைமை மோசமாகும். அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்கு எட்டும் ஒளி, இருபது வயதுக்காரருக்கு எட்டுவதில் மூன்றில் ஒரு பங்குதான். விடியற்காலை நாலரை மணிக்கு நம் சாலைகளில் யார் ஓட்டுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்: ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஊருக்குள் நுழைகிற ஆம்னி பஸ் டிரைவர், பால் வண்டிக்காரர், மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றி வருகிறவர், அடுத்த நடைக்கு விரைகிற தண்ணீர் லாரிக்காரர். உடம்பு தூக்கத்துக்கு ஏங்குகிற நேரம், காலியான சாலை, நேரத்துக்குள் சேர வேண்டிய அவசரம், இந்த மூன்றும் சேரும் இடத்தில்தான் நாம் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஓடுகிறோம். (காதை அடைக்காதீர்கள். பின்னால் வருவதைச் சொல்ல இருட்டில் நம்மிடம் இருப்பது அது ஒன்றுதான்.)

தூரத்தைக் கணக்கிட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 16 மீட்டருக்கும் மேல். ஓட்டுநர் ஒன்றைப் பார்த்து, அது என்னவென்று புரிந்து, பிரேக்கில் கால் வைக்க 2.5 நொடி ஆகும் என்று வைத்துத்தான் இந்தியச் சாலைப் பேராயம் சாலைகளுக்கு அளவு வகுத்திருக்கிறது. வண்டி ஓய்ந்து நிற்க 60 வேகத்தில் 80 மீட்டர், 80 வேகத்தில் 120 மீட்டர் வேண்டும் என்பது அதன் கணக்கு. பாதுகாப்புக்காகக் கொஞ்சம் தாராளமாகவே போட்ட அளவு அது, நல்ல பிரேக்கும் விழிப்பான ஓட்டுநரும் இருந்தால் அதற்கு முன்னாலேயே நிறுத்திவிடலாம். லோ பீமில், கறுப்பு உடையில் இருக்கிற ஆள் கண்ணுக்குப் புலப்படும் தூரமோ சுமார் 50 மீட்டர்தான், அதுவும் நல்ல நிலைமைகளில். ஆக, அவர் நம்மைப் பார்த்த பிறகு நிறுத்துவார் என்று நம்புவதற்கே இடமில்லை. ஒதுங்கிப் போவார் என்றுதான் நம்ப முடியும், அதற்கும் பக்கத்துத் தடம் காலியாக இருக்க வேண்டும்.

இருட்டு மட்டும்தான் காரணமா, குடித்துவிட்டு ஓட்டுவது, தூக்கம், வேகம் இவையெல்லாம் இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, இதற்கு ஓர் அழகான பதிலும் இருக்கிறது. அமெரிக்காவில் வருடத்துக்கு இருமுறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் திருப்பி வைப்பார்கள். அப்போது, நேற்று மாலை வெளிச்சமாக இருந்த அதே மணி இன்று இருட்டாகிவிடும். அதே ஆட்கள், அதே வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம், அதே போக்குவரத்து, மாறியது வெளிச்சம் மட்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சல்லிவனும் ஃபிளானகனும் அந்த நாட்களின் விபத்து விவரங்களை எடுத்து ஒப்பிட்டார்கள். இருட்டில் நடந்து போகிறவர் உயிரிழக்கும் அபாயம், வெளிச்சத்தில் இருப்பதைப்போல் 3 முதல் 6.75 மடங்கு வரை இருந்தது. குடியும் களைப்பும் பொய்யில்லை, ஆனால் அவற்றை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் வெறும் இருட்டுக்கே இவ்வளவு பங்கு இருக்கிறது.

இனி உடைக்கு வருவோம். டிரெலும் வுட்டும் கார்பெரி என்பவரோடு சேர்ந்து 2005-ல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் நான் மிகவும் மதிப்பது. பொதுப் போக்குவரத்து இல்லாத ஒரு மூடிய சாலையில் இளவயதினர் பத்துப் பேரையும் முதியவர்கள் பத்துப் பேரையும் இரவில் கார் ஓட்டச் சொன்னார்கள். ஓரத்தில் ஆட்களை நிறுத்தி, மனிதர் இருக்கிறார் என்று தெரிந்த கணத்தில் சொல்லுங்கள் என்றார்கள். நாலு வகை உடை: கறுப்பு, வெள்ளை, மார்பில் மட்டும் ரிஃப்ளெக்டர் பட்டை, உடம்பின் மூட்டுகளில் ரிஃப்ளெக்டர் பட்டை. லோ பீம், எதிரே கண்ணைக் கூசவைக்கும் விளக்கு, கறுப்பு உடை என்று மூன்றும் சேர்ந்தபோது ஓட்டுநர்கள் அடையாளம் கண்டது 5 சதவீதம் பேரை. ஹை பீம், கூச்சம் இல்லை, மூட்டுகளில் பட்டை என்ற நிலையில் 100 சதவீதம். இவர்கள் ஆள் நிற்பார் என்று எதிர்பார்த்துக்கொண்டே ஓட்டியவர்கள் என்பதை மறக்கக் கூடாது. எதிர்பார்த்து ஓட்டியவர்களே நூற்றுக்கு ஐந்து என்றால், எதையும் எதிர்பாராமல் வருகிற லாரிக்காரர் எங்கே பார்க்கப் போகிறார்?

மூட்டுகளில் அப்படி என்ன இருக்கிறது? 1973-ல் குன்னார் யோஹான்சன் என்ற சுவீடன் நாட்டு உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். ஆட்களின் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் மட்டும் ஒளிப்புள்ளிகள் தெரியும்படி செய்து இருட்டில் படமெடுத்தார். ஆள் அசையாமல் இருக்கும்போது பார்ப்பவர்களுக்கு அது ஏதோ சிதறிய புள்ளிகள். நடக்க ஆரம்பித்த அரை நொடிக்குள்ளேயே, மனிதர் நடக்கிறார் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். முகம் இல்லை, உடம்பின் வடிவம் இல்லை, பத்துப் பன்னிரண்டு புள்ளிகளின் அசைவு மட்டும் போதுமாக இருந்தது. மனித நடையின் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும் திறமை நம் மூளைக்குள் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. ஓட்டுநருக்கு அந்த இரவில் தேவைப்படுவதும் இதுதான். ஓரத்தில் ஏதோ மின்னுகிறது என்று தெரிவது வேறு, ஓர் ஆள் ஓடி வருகிறார் என்று தெரிவது வேறு. நம் சாலையோரங்களில் மின்னுகிற சாமான்களுக்குக் குறைவே இல்லை: கிலோமீட்டர் கல், பாலத்துக் கைப்பிடியில் ஒட்டிய பட்டை, தடுப்பு, நிறுத்தி வைத்த டிரெய்லர், மாட்டுக் கண். மார்பில் அசையாமல் தெரியும் ஒரு பட்டையையும் இந்தக் கும்பலில் ஒன்றாகவே ஓட்டுநரின் மூளை தள்ளிவிடும். கணுக்காலில் மேலும் கீழும் போய்வரும் இரண்டு கீற்றுகளை எந்தச் சாமானோடும் அது சேர்க்காது. ஆய்வில் மக்கள் குறைத்து மதிப்பிட்டது இதைத்தான். அகலமான ஜாக்கெட் பார்வைக்குப் பெரிதாக இருப்பதால் அதைத்தான் நம்புகிறோம்.

அப்படியானால் வெள்ளைச் சட்டையால் பயனே இல்லையா? கறுப்பைவிட நல்லதுதான். ஆனால் வெள்ளைத் துணி தன் மேல் பட்ட ஒளியை எல்லாப் பக்கமும் தெளித்துவிடுகிறது, ஓட்டுநருக்குப் போவது அதில் சொற்பம். ஃப்ளோரசன்ட் மஞ்சள், பச்சை உடைகளைப் பற்றி இன்னும் பெரிய தவறான நம்பிக்கை இருக்கிறது. அவை பளீரென்று எரிவது வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு. வெயில் இல்லாத நாலரை மணிக்கு அந்தத் துணி வெறும் வெளிர் நிறத் துணிதான். ரிஃப்ளெக்டர் பட்டை செய்வது வேறு வேலை. அதன் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ, ஒளி எந்தத் திசையிலிருந்து வந்ததோ அதே திசைக்குத் திருப்பி அனுப்பும். ஹெட்லைட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் ஓட்டுநரின் கண் இருப்பதால் ஒளியின் பெரும்பங்கு அவருக்கே போய்ச் சேருகிறது. நீங்களே வீட்டில் இதைப் பார்த்துக்கொள்ளலாம். ஓடும் உடையை இருட்டில் மொட்டைமாடிக் கொடியில் தொங்கவிட்டு, முப்பது நாற்பது அடி தள்ளி நின்று மொபைல் டார்ச்சைப் போடுங்கள். டார்ச்சை இடுப்புக்குக் கீழே பிடித்தால் பட்டை மங்கலாகத்தான் இருக்கும். அப்படியே கையை உயர்த்திக் கண்ணோரத்துக்குக் கொண்டுவாருங்கள், பட்டை மட்டும் சட்டென்று வெள்ளையாகப் பற்றிக்கொள்ளும், சட்டை சாம்பலாகவே நிற்கும். வாங்கும்போது கம்பெனிக்காரர்கள் பெருமையாகச் சொன்ன அந்த ரிஃப்ளெக்டர் லோகோ எவ்வளவு சின்னது என்பதும் அப்போது தெரிந்துவிடும். பட்டைகள் வியர்வையிலும் துவைப்பதிலும் மணிகளை இழந்து கிழடாகும் என்பதால் சில மாதத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்வது நல்லது.

வாங்கிப் போடுவது பெரிய காரியமில்லை. நம்மூரில் ரேடியம் ஸ்டிக்கர் என்று கேட்டால் ஆட்டோமொபைல் கடைகளில் கிடைப்பது வண்டியில் ஒட்டும் வகை, துணியில் நிற்காது. துணியோடு தைக்கும் சாம்பல் நிறப் பட்டை பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. இரண்டு அங்குல அகலத்தில் வாங்கி, வெல்க்ரோ வைத்து, கணுக்காலைச் சுற்றி முழு வளையமாக வரும்படி தையல்காரரிடம் தைத்துக்கொள்ளலாம். முழு வளையம் என்பது முக்கியம், முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் தெரிய வேண்டும். முதலில் இரண்டு கணுக்கால், முடிந்தால் இரண்டு மணிக்கட்டு, அதற்குமேல் முடிந்தால் முழங்கால். ஓடும்போது பாதம் பின்னால் முழங்கால் உயரம்வரை எழும்பி இறங்குகிறது, உடம்பில் அவ்வளவு பெரிய அசைவு வேறெங்கும் இல்லை. ஹெட்லைட்டின் லோ பீமும் தாழ்வான இடத்தில்தான் முதலில் விழுகிறது. இரண்டு காரணமும் சேர்ந்து கணுக்காலை முதல் இடத்தில் வைக்கின்றன. டிராக் பேன்ட் அந்த வளையத்தை மூடிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கண்ணாடி மணிகள் வெளியே தெரியும்படியான சாம்பல் பட்டை நனைந்தால், மணிகளின் மேல் தண்ணீர் படிந்து அதன் ஒளிதிருப்பும் சக்தி நன்றாகக் குறைந்துவிடும். மேலே பிளாஸ்டிக் மூடிய பட்டக வகை அவ்வளவாகப் பாதிக்கப்படாது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஓடுகிறவர்கள் அந்த வகையைத் தேடி வாங்குவது பிரயோசனம்.

நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டால் போதாதா என்பார்கள். பள்ளத்தையும் படுத்திருக்கும் நாயையும் பார்க்க அது அவசியம், அதற்காகவே கட்டலாம். ஆனால் தூரத்திலிருந்து வரும் ஓட்டுநருக்கு ஐந்தடி உயரத்தில் ஆடும் ஒற்றை விளக்கு ஒரு டூவீலராகத் தோன்றலாம், எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் பிடிபடாது. பின்னாலிருந்து வருகிறவருக்கு அதுவும் தெரியாது. விட்டு விட்டு எரியும் சிவப்பு விளக்கை முதுகில் மாட்டினால் கவனத்தை இழுக்கும், தூரத்தை மட்டும் சொல்லாது. விளக்குகள் ஒரு வேலையை நிச்சயம் செய்கின்றன: ஹெட்லைட் எரியாத வண்டிக்கும் நம்மைக் காட்டுகின்றன. ரிஃப்ளெக்டரால் அது முடியாது. 2017 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் புதிதாக வரும் டூவீலர்களில் விளக்கு தானாகவே எரியும்படி கட்டாயமாக்கியிருக்கிறார்கள். அது நமக்கு நல்ல செய்தி, ஆனால் பழைய வண்டிகளும் டிராக்டர்களும் இருக்கின்றன. ஆகவே பட்டையும் வேண்டும், பின்னால் ஒரு சின்ன விளக்கும் வேண்டும். இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் பட்டையைத்தான் சொல்வேன்.

எந்தப் பக்கம் ஓடுவது என்பதிலும் தயக்கத்துக்கு இடமில்லை. நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, அதாவது வலது ஓரமாக ஓட வேண்டும். பின்லாந்தின் லுவோமாவும் பெல்டோலாவும் அந்த நாட்டுச் சாலை விபத்துகளை ஆராய்ந்து, எதிரே பார்த்து நடப்பவர்களுக்கு உயிரிழப்பும் காயமும் உண்டாக்கும் விபத்துகள் 77 சதவீதம் குறைவு என்று 2013-ல் எழுதினார்கள். நம்மூரில் ராங் சைடில் வருகிற பைக்குகள் பின்னாலிருந்து இடிக்குமே என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் அவை பெரும்பாலும் ஓரமாக, மெதுவாக, விளக்கோடு வருகின்றன, சத்தமும் கேட்கும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் பஸ்ஸுக்கு முதுகைக் காட்டுவதோடு அதை ஒப்பிட முடியாது. வலது பக்கம் வளைவில் திரும்பும்போது மட்டும் எதிரே வருகிறவருக்கு நாம் கடைசி நிமிடம்வரை தெரிய மாட்டோம் என்பதால் அந்த இடத்தில் மண்ணுக்கு இறங்கிவிடுவது நல்லது. இன்னொரு கணமும் அப்படித்தான்: இரு திசையிலிருந்தும் இரண்டு வண்டிகள் நம் அருகில் சந்திக்கப் போகின்றன என்றால், டிம் அடிக்காமல் வரும் ஒருவரின் வெளிச்சத்தில் மற்றவருக்கு நாம் முழுதாக மறைந்துவிடுவோம். எந்தப் பட்டை கட்டியிருந்தாலும் அப்போது தார்ச்சாலையை விட்டு இறங்கி நிற்க வேண்டியதுதான். பத்து நொடி போகும், போகட்டும்.

தெருவிளக்கு இருக்கும் நகரத்துச் சாலைக்கு இதெல்லாம் எதற்கு என்ற கேள்விக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கம்பங்களுக்கு நடுவே விழும் நிழலையும், தூங்குமூஞ்சி மரம் மூடிய தெருக்களையும், மாதக்கணக்கில் எரியாத விளக்குகளையும் தெரிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

பெண்கள் எழுப்பும் மறுப்புதான் இவை எல்லாவற்றிலும் கனமானது. இருட்டில் ஓடும் ஒரு பெண்ணுக்கு வண்டி மட்டும் ஆபத்தில்லை. தான் தனியாக ஓடுவது எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று அவர் ஏன் விரும்ப வேண்டும்? பல பெண்கள் வேண்டுமென்றே கறுப்பு உடையில், சத்தமில்லாமல் ஓடுவதற்கு இதுதான் காரணம். அவர்களுக்குப் பாதுகாப்பு அறிவுரை சொல்கிறவர்கள் இந்த முரண்பாட்டைக் கண்டுகொள்வதே இல்லை. இங்கேதான் ரிஃப்ளெக்டரின் இயல்பு உதவிக்கு வருகிறது. அது தானாக ஒளிர்வதில்லை. விளக்கை வீசுகிறவரின் கண்ணுக்கு மட்டுமே அது வெளிச்சம். டீக்கடை ஓரம் நிற்பவருக்கும் சுவரோரம் உட்கார்ந்திருப்பவருக்கும் அது ஒரு மங்கிய சாம்பல் துண்டு, அவ்வளவுதான். எல்.இ.டி. எரியும் ஜாக்கெட் போட்டால் தெருவுக்கே தெரியும், கணுக்கால் பட்டை போட்டால் வண்டிக்காரருக்கு மட்டும் தெரியும். பைக்கில் பின்தொடர்கிறவரிடமிருந்து இது காப்பாற்றாது என்பது உண்மை. அதற்குத் துணையோடு ஓடுவதும், பாதையை மாற்றிக்கொண்டே இருப்பதும், வீட்டில் ஒருவருக்கு லொகேஷன் அனுப்பி வைப்பதும்தான் வழி. ஆனால் வண்டியிடமிருந்து ஒளிந்துகொள்வதைப் பாதுகாப்பு என்று நினைத்து ஓடும் நிலையிலிருந்தாவது அது ஒரு பெண்ணை விடுவிக்கிறது.

ஆதாரத்தைப் பற்றி ஒரு நேர்மையான மறுப்பும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. பட்டை கட்டியவரை ஓட்டுநர் அதிக தூரத்திலிருந்து கண்டுகொள்கிறார் என்பதற்குச் சோதனைகள் ஏராளம். பட்டை கட்டியதால் சாவு குறைந்தது என்று நேரடியாகக் காட்டும் சோதனை உண்டா? ஐரீன் க்வானும் அவருடன் சேர்ந்தவரும் காக்ரன் அமைப்புக்காக இந்தத் துறையின் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை, கண்டுகொள்ளும் தூரத்தை அளந்த ஆய்வுகள்தான் இருந்தன. ஆயிரக்கணக்கானோரைப் பட்டையோடும் பட்டையில்லாமலும் இருட்டுச் சாலைக்கு அனுப்பி யார் சாகிறார்கள் என்று எண்ண முடியாது என்பதால் அந்தக் குறை எளிதில் தீரப் போவதும் இல்லை. ஆனாலும் 50 மீட்டரில் தெரிகிறவருக்கும் 150 மீட்டரில் தெரிகிறவருக்கும் நடுவில், 80 மீட்டர் நிறுத்து தூரம் குறுக்கே நிற்கிறது. அந்தக் கணக்கை மறுக்க எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. பின்லாந்தில் இருட்டில் நடப்பவர் ரிஃப்ளெக்டர் அணிய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அபராதம் எதுவும் இல்லை, ஆனாலும் பள்ளிப் பிள்ளைகளின் கோட்டில் அது தொங்குகிறது. நம்மூரிலும் இது புதிதில்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகும் பாதயாத்திரைக்காரர்களின் பைகளிலும் முதுகிலும் போலீசாரே ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறார்கள். ராத்திரி சாலையில் நடப்பவருக்கு அது தேவை என்று அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதே சாலையில் காவலர் வேலைக்காக ஓடிப் பழகும் பையனுக்கு மட்டும் யாரும் ஒட்டிவிடுவதில்லை.

கடைசியாக, எல்லாச் சுமையையும் ஓடுகிறவர் தலையிலேயே ஏற்றுகிறாயே என்ற கோபம். எனக்கும் அந்தக் கோபம் உண்டு. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். அவர்கள் பட்டை கட்டாததால் செத்தார்கள் என்று சொல்வது அபாண்டம். வேகமாக ஓட்டியவரும், நடைபாதையைக் கடைக்காரருக்குக் கொடுத்தவரும், விளக்கு எரியாத கம்பத்தை அப்படியே விட்டவரும்தான் பதில் சொல்ல வேண்டும். நாளைக்கு ஒரு விபத்து நடந்தால், அவர் கணுக்காலில் என்ன இருந்தது என்று கேட்பதற்கு இந்தப் பதிவை யாரும் பயன்படுத்தக் கூடாது. ஆனால் நடைபாதை வரப் பல வருடம் ஆகும், பட்டையை இன்று சாயங்காலம் தைத்து நாளைக் காலை கட்டிக்கொள்ளலாம். இரண்டையும் கேட்போம். நடைபாதைக்கும் முன்னால் உடனே செய்யக்கூடிய ஒன்றை அரசிடம் கேட்கலாம். பெரும்பாலான மாவட்டத் தலைநகரங்களில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மைதானம் இருக்கிறது, சின்ன ஊர்களில் அரசுப் பள்ளி மைதானம் இருக்கிறது. தேர்வு அறிவிப்பு வந்த நாளிலிருந்து உடற்திறன் தேர்வு முடியும்வரை அவற்றின் கேட்டைக் காலை 4 மணிக்குத் திறந்து, நாலு விளக்கைப் போட்டு, ஒரு காவலரை உட்கார வைக்கட்டும். பயிற்சி மையம் நடத்தி அந்தப் பிள்ளைகளிடம் பணம் வாங்குகிறவர்கள், மைதானம் கிடைக்கும்வரை ஆளுக்கு இரண்டு கணுக்கால் பட்டை தைத்துக் கொடுக்கட்டும். அந்தச் செலவு ஒரு மாதக் கட்டணத்தில் ஒரு மூலைக்குக்கூட வராது.